வேலை கிடைக்காத நியூசிலாந்துக்காரி

சுமி நியூசிலாந்துக்குப் போகிறாள் என்ற செய்தி பாறசாலை சபை முழுக்கப் பரவியபோது, அவளிடம் ஆங்கிலத் தேர்வு மார்க்கைத் தவிரச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. செய்தியைப் பரப்பியவர் அவளுடைய அப்பா ராஜையா. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மகளைப் பற்றிப் பேசுவதுதான் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது, "பிள்ளைக்கு அங்க ரெசிடென்ஸ் கிட்டும். பாயின்ட் எல்லாம் சரியாயாச்சு ஆக்கும்" என்பார்.

பாயின்ட் சரிதான். படிப்புக்கும் அனுபவத்துக்கும் மதிப்பெண் வந்திருந்தது. ஆனால் அந்த நாட்டில் யாராவது ஒருவர் இவளுக்கு வேலை தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் வசிப்புரிமைக்கு விண்ணப்பமே போட முடியும். அதை மட்டும் ராஜையா யாரிடமும் சொல்வதில்லை.

சுமிக்கு முப்பத்தொரு வயது. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் செய்யும் பிரிவில் வேலை பார்த்தாள். சர்க்கரை நோயில் கால் எடுத்தவர்கள், பைக் விபத்தில் இழந்தவர்கள் என்று தினமும் யாராவது வருவார்கள். மிச்சம் இருக்கும் காலை மாவுக்கட்டில் அச்செடுத்து, அது உள்ளே பொருந்தி உட்காரும் கிண்ணம் செய்து, பாதம் பொருத்தி, ஆளை நடக்கவைக்க வேண்டும். வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பாதி நாள் ஆள் இல்லை என்று பில் போடும் இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். நியூசிலாந்தில் இந்த வேலைக்கு ஆள் தேவை என்று படித்ததிலிருந்து அவள் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். பதில் அனேகமாக ஒன்றுதான்: "நீங்கள் இப்போது இந்த நாட்டில்தான் இருக்கிறீர்களா?"

சபையில் கல்யாண விஷயங்களைப் பார்த்துக்கொள்ளும் சுகிர்தபாய் மாமி, காரோடு ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளையைக் கூட்டி வந்தார். பெயர் ஜிபின். "பையன் மரைன் இன்ஜினியர் ஆக்கும்" என்றார். ஜிபினின் அம்மா காப்பி குடித்துக்கொண்டே நியூசிலாந்தில் குளிர் எப்படி, வீட்டு வாடகை எப்படி என்று விசாரித்தார். பிறகு இருவரும் பேசட்டும் என்று பின்பக்கம் ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த இடத்துக்கு அனுப்பினார்கள்.

சுமி சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு அங்க வேலை ஒண்ணும் ஆகல. அப்பா ஆசையில சொல்லுகாரு. எப்ப கிட்டும்னும் தெரியாது. கிட்டாமலும் போகலாம். அத நெனச்சு வந்திருந்தீங்கன்னா இப்பவே சொல்லிட்டேன்."

ஜிபின் ஒரு ஷீட்டைத் திருப்பிப் போட்டான். "அப்ப நானும் சொல்லணும்" என்றான். "நான் இன்ஜினியர் ஒண்ணும் இல்ல. ஐ.டி.ஐ. தான். பொழியூர் கடப்புறத்துல மீன்பிடி வள்ளத்து இன்ஜின் ரிப்பேர் செய்யுதேன். சுகிர்தபாய் மாமி பறஞ்சத நம்பாண்டாம்."

சுமிக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. உள்ளே பெரியவர்களுக்குக் கேட்கக் கூடாதே என்று இருவரும் அடக்கிக்கொண்டார்கள்.

"அங்க போயி என்ன செய்யணும்னு ஆச?" என்று அவன் கேட்டான்.

இத்தனை நாளில் அதை யாரும் கேட்டதில்லை. எவ்வளவு சம்பளம், எப்போது பயணம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். "நாள் முழுக்கக் கால் மட்டும் செய்யணும்" என்றாள் சுமி. "வளருற பிள்ளையளுக்கு வருஷா வருஷம் புதுக்கால் வேணும். இங்க ஒருக்கா வாங்கினா, அது கட்டையாயி இறுக்கினாலும் அதப் போட்டே நொண்டி நடக்கும். அங்க மாத்திக் குடுப்பாங்களாம்."

அவன் தலையாட்டினான். போகும்போது போன் நம்பர் வாங்கிக்கொண்டான்.

சாயங்காலங்களில் கூப்பிட ஆரம்பித்தான். முதலில் இரண்டு வார்த்தை, பிறகு நீளமாக. இன்டர்வியூவுக்குத் தயாராகிறாள் என்று தெரிந்ததும், தானே கேள்வி கேட்கிறேன் என்றான். அவனுடைய ஆங்கிலம் தட்டுத் தடுமாறும். ஆனால் பதிலை முழுசாகக் கேட்பான். பூவாறில் மீன் விற்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவள் ஒருநாள் சொன்னாள். புதுக்கால் போட்டு ஆஸ்பத்திரித் தரையில் நன்றாக நடந்தவள், ஒரு மாதத்தில் இடுப்பு வலி என்று திரும்பி வந்தாள். சுமி விடுமுறை நாளில் பூவாறுக்கே போய், அவள் கூடையோடு மணலில் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்து பாதத்தை மாற்றினாள்.

"நேத்து நோயாளி ஒருத்தரப் பத்திக் கேட்டப்ப இத ஏன் சொல்லல?"

"இதெல்லாம் சொல்லக்கூடிய காரியமா?"

"இதத்தான் சொல்லணும்" என்றான் ஜிபின்.

ஜூலையில் ஒரு மறுமொழி வந்தது. தெற்குத் தீவில் ஒரு சிகிச்சை மையம் வீடியோவில் பேச விரும்பியது. அவர்களுக்கு மதியம், நமக்குக் காலை ஏழரை. அதற்கு முந்தின நாள் காற்றும் மழையுமாக அடித்து, பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஆஞ்சிலி மரம் கம்பிமேல் சாய்ந்தது. விடிந்தபோது கரன்ட் இல்லை, நெட் இல்லை. ராஜையா பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தார். மத்தியானத்துக்கு முன்னால் நடக்காது என்றார்கள்.

சுமி ஜிபினைக் கூப்பிட்டாள். "ரெடியா நில்லு, வாறேன்" என்றான். முதல்முறையாக ஒருமையில் பேசியதை இருவருமே அப்போது கவனிக்கவில்லை.

களியக்காவிளையில் அவன் கூட்டாளி சஜு ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். அங்கே இன்வெர்ட்டரும் நெட்டும் உண்டு. மழைக்கோட்டுக்குள் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு சுமி பைக்கில் உட்கார்ந்து போனாள். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, சஜு விளக்கைச் சரிசெய்துவிட்டு வெளியே போனான். ஜிபின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டான். ரேஷன் கார்டு போட்டோவுக்குக் காலையிலேயே வந்த ஒரு குடும்பத்தை எதிர்க் கடையில் டீ குடிக்கக் கூட்டிப்போய் உட்கார வைத்தான்.

லேப்டாப் திரையில் வெள்ளைத் தலைமுடியோடு ஒரு பெண்மணி. நீங்கள் கவனித்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். சுமி பூவாறைச் சொன்னாள். அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

வெளியே வந்தவளை ஜிபின் நேரே சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான். ஆப்பமும் கடலைக்கறியும் வாங்கிக் கொடுத்தான். இரண்டாவது ஆப்பத்தைச் சாப்பிடும்போது அவளே சொன்னாள்: "கொள்ளாம், நல்லாத்தான் பேசினேன்னு தோணுது."

பத்து நாள் கழித்து மெயில் வந்தது. ஏற்கெனவே அந்த நாட்டில் இருக்கும் ஒருவரை எடுத்துவிட்டார்களாம்.

சுமி அன்று அழவில்லை. மறுநாள் அப்பாவிடம் சொன்னாள். "அப்பா, இனி யாரு கேட்டாலும் இல்லேன்னு சொல்லணும். என்னால இந்தப் பொய்ய சுமக்க முடியல."

"நான் பொய்யா சொன்னேன்? எம் பிள்ளைக்குக் கிட்டும்னு நெனச்சுல்லா சொன்னேன்." ராஜையா துண்டால் முகத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் சுமிக்கு அழுகை வந்தது.

அவள் சொன்னபடியே அவர் அடுத்த ஞாயிறு சுகிர்தபாயிடம் உண்மையைச் சொன்னார். சுகிர்தபாய் அதைக் காரோட்டுக்குக் கொண்டுபோனார். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று ஜிபினின் அம்மாவிடமிருந்து தகவல் வந்தது. பொறுப்பது என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் ஜிபின் கூப்பிடவில்லை. மறுநாள் சுமி வேலை முடிந்து வரும்போது, அவன் ராஜையாவோடு உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தான்.

"அம்மைட்ட எல்லாம் பேசியாச்சு" என்றான். "அவியளுக்கு வெளிநாட்டு ஆச உண்டு, இல்லேன்னு சொல்லல. ஆனா பெண்ணு கெட்டப்போறது நானாக்கும்."

சுமி பையைக் கீழே வைத்தாள். "நான் எழுதறத நிறுத்த மாட்டேன். நாளைக்குக் கிட்டினா நான் போவேன். நீங்க வருவீங்களா?"

அவன் கையிலிருந்த கொட்டையை உரித்துச் சட்டியில் போட்டான். "எனக்குப் பயம் உண்டு" என்றான். "இந்தக் கடப்புறம் விட்டு நான் எங்கயும் நின்னதில்ல. ஆனா வருவேன். அங்கயும் வள்ளம் ஓடுமே."

ராஜையா எழுந்து உள்ளே போய், கறிக்கு அடுப்பு மூட்டும் சாக்கில் நெடுநேரம் நின்றார்.

அக்டோபரில் கல்யாணம் நடந்தது. ஜனவரியில் ஒரு காலை, கையெல்லாம் மாவுக்கட்டுச் சாந்தாக இருக்கும்போது சுமியின் போன் அடித்தது. நியூசிலாந்தில் நேப்பியர் என்ற கடலோர ஊரின் செயற்கைக் கால் மையத்திலிருந்து ஒருவர். அன்று வீடியோவில் பேசிய பெண்மணி, மணலில் நடப்பதைப் பார்க்கப் போன இந்தியப் பெண் என்று இவளுடைய பெயரைக் கொடுத்திருக்கிறாராம். இரண்டு முறை பேசினார்கள். மாத முடிவில் வேலை உத்தரவு வந்தது. வசிப்புரிமை விண்ணப்பத்தில் கணவனின் பெயரையும் சேர்த்து அனுப்பினாள். அது முடிவாக மாதங்கள் ஆகும். அதுவரை வேலை விசாவில் அவள் முதலில் போவது என்று ஆயிற்று.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ராஜையா அவளுடைய நெற்றியில் கைவைத்து ஜெபம் செய்தார். ஜிபின் அவருடைய தோளில் கைபோட்டு நின்றான். விசா வரும்வரை மாமனார் வீட்டிலேயே தங்குவதாக அவனே சொல்லியிருந்தான்.

நேப்பியரில் மூன்றாம் வாரம், வேலை முடிந்து அறைக்கு வந்த சுமி வீடியோவில் கூப்பிட்டாள். ஊரில் அப்போது மத்தியானம். அடுக்களையில் இரண்டு ஆண்களும் மீன் கறிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எலே, புளி இனியும் வேணும்" என்றார் ராஜையா.

"வேண்டாம் மாமா, நேத்தே கூடிப்போச்சு."

"மக்கா, நீ சொல்லு" என்று போனைச் சட்டிக்கு நேராகக் காட்டினார் ராஜையா. ஆவியில் திரை மங்கியது. "எப்படித் தெரியும் அப்பா, மணம் இங்க வராதே" என்றாள் சுமி.

ஜிபின் தன் சட்டை நுனியால் திரையைத் துடைத்தான். அவன் முகம் பக்கத்தில் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டான். இனிதான் என்றாள். "அப்ப போயி சோறாக்கு. போன வைக்காண்டாம், அங்கேயே சாச்சு வை. ஒண்ணாச் சாப்பிடலாம்."

சுமி போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அரிசி கழுவப் போனாள்.