தம்மபாலன் வாங்கிய வீட்டு வண்டி

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீசில் கிளார்க்காக இருந்த தம்மபாலன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பௌத்த சங்கத்தில் பற்றறுப்பதைப் பற்றிப் பேசுவார். நன்றாகவே பேசுவார். செருப்பு, குடை, வெற்றிலைப் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இதெல்லாம் நம்மைக் கட்டிப்போடும் கயிறு என்பார். கேட்பவர்கள் வெட்கப்பட்டுக் குடையை பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவர் ஐம்பத்தெட்டாம் வருஷம், மழை நின்ற கையோடு, ஒரு வேன் வாங்கினார்.

சாதாரண வேன் இல்லை. உள்ளேயே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் வைத்த வீட்டு வண்டி. அதைச் சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்த வெள்ளைக்கார இன்ஜினியர், சுரங்கம் சர்க்கார் கைக்குப் போனதும் மூட்டை கட்டிவிட்டார். வண்டி மட்டும் துரைமார் கிளப்புக்குப் பின்னால் மரத்தடியில் நின்றது. ஏலத்தில் வேறு யாரும் வாய் திறக்கவில்லை. தம்மபாலன் காது சொறியத்தான் கையைத் தூக்கினார் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அது பொய். அவர் இரண்டு கையையும் தூக்கினார்.

சுரங்கத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டு வாசலுக்கு அதைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, மனைவி சாரதா ஈரக் கையோடு வெளியே வந்தாள். ஒரே அறை வீடு. அதில் இவர்களோடு மாமியாரும் இரண்டு நாத்தனார்களும்.

"இன்னாங்க இது?"

"ஆசைப்பட்டு வாங்கல, சாரதா. தர்மப் பிரசாரத்துக்கு. ஊர் ஊராப் போய்ப் பேசலாம்."

"இங்க கேக்கறவங்களே பாதிப் பேர் தூங்கறாங்க," என்றாள் சாரதா. ஆனாலும் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

உள்ளே அடுப்பு இல்லை. தொட்டி இல்லை. உட்காரும் சீட்டும் இல்லை. ஒரு கோழி மட்டும் அடைகாத்துக்கொண்டிருந்தது. வெளியே கூட்டம் பார்க்கிறதே என்று தம்மபாலன், துரைமார்கள் எளிமையானவர்கள் என்று விளக்கம் சொன்னார்.

ஊரிகத்திலிருந்து மெக்கானிக் கிளாரன்ஸ் வந்தார். இந்த ஊரில் ஓடிய எல்லா வண்டியையும் தான்தான் ஓடவைத்ததாகச் சொல்லிக்கொள்பவர். பானெட்டைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார்.

"இன்ஜின் பஸ்ட் கிளாஸ், மேன். பார்ட் மட்டும் வேணும்."

"எந்தப் பார்ட்?"

"இங்க இல்லாத பார்ட் எல்லாம்."

ரேடியேட்டர் இருந்த இடம் காலி. கார்புரேட்டர் இருந்த இடத்தில் துணி அடைத்திருந்தது. தம்மபாலன் வண்டியின் பெயரைக் குறிப்பிட்டு மதராசுக்கும் பம்பாய்க்கும் எழுதிப் போட்டார். அந்தப் பெயரில் ஒரு வண்டி உண்டா என்று கடைக்காரர்கள் திருப்பி அவரைக் கேட்டார்கள்.

கடைசியில் கிளாரன்ஸ் தன் வீட்டு மேசையில் டீ ஆற்றிக்கொண்டே வழி சொன்னார். "வண்டி வருஷக்கணக்கா சும்மா நின்னுது. பார்ட் எதுவும் ஊரைத் தாண்டியிருக்காது. போய்த் தேடு."

முதலில் அகப்பட்டது அடுப்பு. ஊரிகம் ஸ்டேஷனுக்கு எதிரே ரத்தினம்மா அதில்தான் போண்டா சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே தொட்டி, அதில் மாவு.

"அம்மா, இது என் வண்டிச் சாமான்," என்றார் தம்மபாலன். "ஒரு பொருள் மேல ரொம்பப் பற்று வைக்கக் கூடாது."

"நானும் அதத்தான் சொல்றேன் கிளார்க்கய்யா. உங்களுக்கு எதுக்குப் பற்று?" என்று ரத்தினம்மா போண்டாவைத் திருப்பிப் போட்டாள்.

பேசிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அடுப்பும் தொட்டியும் வண்டிக்குப் போகலாம். கூடவே ரத்தினம்மாவும் போவாள்.

சீட்டு, முடிவெட்டும் மரியகுழந்தையின் கடையில் வாடிக்கைக்காரர்கள் காத்திருக்கும் பெஞ்சாகியிருந்தது. அவருக்கும் சவாரி வேண்டும், குடும்பத்தோடு. ரேடியேட்டர் சின்னசாமி வீட்டுக் கொல்லையில் கிடைத்தது. சின்னசாமி கஷாயம் காய்ச்சுபவர். என்ன கஷாயம் என்று ஊருக்கே தெரியும். போலீசிடம் மட்டும் ஜலதோஷத்துக்கு என்று சொல்லிவைத்திருந்தார்.

"ஆவி ஆறணுமில்ல, அதுக்குத்தான் வெச்சிருந்தேன்," என்றார் சின்னசாமி. "எடுத்துக்கோங்க. எனக்கு ஜன்னல் பக்கம் இடம்."

தம்மபாலன் எல்லோருக்கும் சரி என்றார். ஒருவருக்குக் கொடுத்த வாக்கை இன்னொருவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கார்புரேட்டர் மட்டும் கிடைக்கவே இல்லை. தம்மபாலன் சோர்ந்துபோய் கிளாரன்ஸ் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது காற்றடித்தது. மேசையிலிருந்த பேப்பர் பறக்காமல் ஒரு இரும்புச் சாமான் அழுத்திப் பிடித்திருந்தது. இத்தனை நாளும் அதன் பக்கத்தில்தான் அவர் டீ கிளாசை வைத்து வந்தார்.

"கிளாரன்ஸ், இது இன்னா?"

கிளாரன்ஸ் அதை முதன்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "யாராச்சும் திருடிடப் போறாங்கன்னு கழட்டி வெச்சேன், மேன். உனக்காகத்தான்."

"நான் அப்ப வண்டியே வாங்கலையே?"

"யாராவது ஒரு மடையன் வாங்குவான்னு தெரியும்," என்றார் கிளாரன்ஸ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி உறுமியது. சங்கத்துக்கு லீவு விட்டுவிட்டு பேத்தமங்களா ஏரிக்குப் புறப்பட்டார்கள். வாக்குக் கொடுக்கப்பட்ட அத்தனை பேரும் பிள்ளைகுட்டிகளோடு வந்துவிட்டார்கள். தம்மபாலனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் கிளாரன்ஸ் ஓட்டினார். சாரதாவுக்குத் தலைசுற்றும் என்று முன்னால் உட்காரவைத்தார்கள். சீட்டு மரியகுழந்தையுடையது. ஜன்னல் சின்னசாமியுடையது. நடுவே ரத்தினம்மா அடுப்பைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டியின் சொந்தக்காரர் பின்படியில் ஒரு காலை ஊன்றித் தொங்கிக்கொண்டு போனார்.

பாதி வழியில் ரேடியேட்டர் சூடேறியது. வழியெல்லாம் சாராய நெடி. லீவு என்று தெரியாமல் சங்கத்துக்கு நடந்துகொண்டிருந்த நாலைந்து பேர் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். தம்மபாலன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வணக்கம் சொன்னார். அவர்கள் திருப்பிச் சொல்லவில்லை.

ஏரிக்கரையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. ரத்தினம்மா போண்டா சுட்டாள். வயல்காரர்களும் கூடிவிட்டார்கள். பிள்ளைகள் தண்ணீரில் ஆடினார்கள். பொழுது சாயக் கிளம்பும்போது ஃபேன் பெல்ட் அறுந்தது.

"இதுக்கு பார்ட் எங்க கிடைக்கும்?" என்று தம்மபாலன் கேட்டார்.

"இதை யாரும் எடுத்து வெச்சிருக்கலையே, மேன்," என்று கிளாரன்ஸ் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ரத்தினம்மா அடுப்பு ஆறுவதற்குள் அதைத் துணியால் சுற்றிக் கழற்றினாள். காலையில் கடை திறக்க வேண்டுமே. மரியகுழந்தை சீட்டைத் தூக்கினார். சின்னசாமி ரேடியேட்டரைத் தோளில் போட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்ததும், இருட்டில் விட்டுவிட்டுப் போனால் திருடு போய்விடும் என்று கிளாரன்ஸ் கார்புரேட்டரையும் கழற்றிக்கொண்டார். மாவுத் தொட்டியைப் பஸ்ஸில் ஏற்ற, கண்டக்டரே இறங்கி ஒரு கை கொடுத்தார்.

பஸ் போனபிறகு கரையில் வண்டியின் தகரக் கூடும் தம்மபாலனும் சாரதாவும் மட்டும் மிச்சம். அவர் விரல்விட்டு ஆரம்பித்தார். "முதல்ல பெல்ட்டு. அப்புறம் சின்னசாமிகிட்ட மறுபடியும் பேசணும்…"

சாரதா அதைக் காதில் வாங்கவில்லை. வண்டிக்குள் ஏறித் தரையைப் பெருக்கினாள். கரையில் உட்காரக் கொண்டுவந்திருந்த பாயை விரித்தாள். கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்திப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் சாத்துகிற முதல் கதவு அது. இந்தப் பக்கம் மாமியார் இருமவில்லை, அந்தப் பக்கம் நாத்தனார் முனகவில்லை. ஏரிக்காற்று மட்டும் ஜன்னல் ஓட்டை வழியே வந்தது.

"ஷிப்டுக்கு எப்படிப் போறது?" என்றார் வெளியே நின்ற தம்மபாலன்.

"நாளைக்கு லீவு போடுங்க," என்றாள் சாரதா. "நாளன்னிக்கும் போடுங்க. பெல்ட்டு கிடைக்கும்போது கிடைக்கட்டும். உள்ள வாங்க."

தம்மபாலன் எண்ணிக்கொண்டிருந்த விரல்களை மடக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.