கன்றுக்குக் கிடைத்த பால்

கற்றறிந்த அன்பரே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டின் ஐப்பசித் திங்களில், நாள்தோறும் விடாது பெய்த மழை சற்றே ஓய்ந்து கீழ்வானம் வெளுக்கத் தொடங்கிய வேளையில், பெரிய காஞ்சிபுரத்தின் தோற்றத்தை ஒருமுறை காண்பீராக. ஏகாம்பரநாதர் கோயிலின் நெடுங்கோபுரம் நனைந்து கறுத்து முகிலுக்குள் தலைநுழைத்து நிற்க, காமாட்சியம்மன் கோயிலின் மணியொலி ஈரக்காற்றில் மிதந்துவந்து கூரைதோறும் தங்கிச் செல்ல, மற்ற நாள்களில் பாவு விரித்துப் பட்டிழையைச் சீர்செய்யும் ஆடவரும் பெண்டிரும் நிறைந்திருக்கும் நெசவாளர் தெருக்கள் அன்று செம்மண் நீர் ஓடும் வாய்க்கால்களாய்க் கிடந்தன. வெளியே செய்ய முடியாத வேலையை உள்ளேயாவது செய்து முடிப்போம் என்பதுபோல் வீடுதோறும் தறிகள் விடியுமுன்பே ஒலித்தன. கடவுளர்க்கும் மணமகளிர்க்கும் ஆடை நெய்து கொடுக்கும் அத்தெருக்களுள் ஒன்றில், குமாரவேல் என்னும் நெசவாளன் வீட்டில், அவ்விடியலில் ஓர் ஆண்மகவு பிறந்தது.

பெற்றவள் பெயர் வடிவாம்பாள். தென்னேரி ஏரிக்கரையில் ஒரு தறியும் ஒரு பசுவும் வைத்துப் பிழைத்த வீட்டில் பிறந்தவள். சிறுமியாய் இருந்தபோதே தாயை இழந்தவள். தாய்வீடு சென்று பிள்ளை பெறும் பேறு அவளுக்கு வாய்க்காமையால், கணவனின் தமக்கை ரேணுகாம்பாளே வந்திருந்து பேற்றுக்குத் துணைநின்றாள். மருத்துவச்சி கொப்பூழ்க்கொடி அறுத்து, குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனாள். வடிவாம்பாள் இரு கைகளையும் நீட்டினாள். அக்கைகளில் குழந்தை வந்து சேரவில்லை. கூடத்தில், தறியின் அருகே, பழந்துணி பரப்பிய முறத்தில் அதனைக் கிடத்திவிட்டு, சேனை வைக்கும் வரையில் பால் கொடுக்கலாகாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள் நாத்தனார்.

சேனை என்பது பிறந்த குழந்தையின் நாவில் முதன்முதலாகத் தொட்டு வைக்கும் இனிப்பு நீர். தொட்டு வைப்பவரின் இயல்பும் கைத்திறனும் குழந்தைக்கு வந்து சேரும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையில் அன்பு இருக்கிறது, அழகும் இருக்கிறது. அதனை நான் பழிக்கவில்லை. ஆனால் குமாரவேலின் நெஞ்சில் அந்த நம்பிக்கை முள்ளாய்த் தைத்திருந்தது. அவன் பிறந்தபோது அவனுக்குத் தொட்டு வைத்தவர், ஒரு முழம் நெய்தால் ஒரு நாள் உறங்கும் சோம்பேறியான சிற்றப்பன் ஒருவர். அவன் நெய்யும் சேலையில் கரை சற்றே கோணினாலும், உனக்கு யாரப்பா தொட்டு வைத்தது என்று தெருவே கேட்டுச் சிரிக்கும். அச்சிரிப்பைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், தன் பிள்ளைக்குக் குப்புசாமியின் கையே தொட வேண்டும் என்று உறுதி பூண்டான். குப்புசாமி அந்த ஊரிலேயே பேர்பெற்ற நெசவாளர். அவர் நெய்த கரையில் குறை காண இன்னொருவர் பிறக்க வேண்டும் என்பார்கள். அன்றோ அவர் ஓர் உறவினர் திருமணத்துக்காக ஆரணிக்குச் சென்றிருந்தார். பாலாற்றில் வெள்ளம் புரண்டமையால் திரும்பும் பேருந்து அக்கரையிலேயே நின்றுவிட்டது என்ற செய்தி மட்டும் வந்தது.

அதனால் என்ன, காத்திருப்போம் என்றான் குமாரவேல். காத்திருக்க வேண்டிய வயிறு அவனுடையது அன்று.

சென்ற ஆண்டும் இப்படித்தான் காத்திருந்தார்கள். வடிவாம்பாளின் தலைமகன் பிறந்தபோதும் குப்புசாமி ஊரில் இல்லை, திருத்தணிக்குப் போயிருந்தார். பகல் போய், இரவு போய், மறுநாள் அவர் வந்து தொட்டு வைத்தபோது அக்குழந்தைக்கு நாவைச் சுழற்றவும் வலுவில்லை. மார்பில் கொண்டுவந்து வைத்தார்கள். பற்றிச் சுவைக்கத் தெரியாமல் தூங்கிற்று. தூக்கத்திலேயே அடங்கிற்று. பெயர்கூடச் சூட்டப்படாத அந்தப் பிள்ளையைக் கடவுள் எடுத்துக்கொண்டார் என்று குமாரவேல் சொன்னான், தெருவும் சொன்னது. மனிதர் செய்வதையெல்லாம் செய்துவிட்டுக் கடவுளின் தலையில் ஏற்றும் வழக்கத்துக்கு நம் நாட்டில் என்றும் பஞ்சம் வந்ததில்லை.

உச்சிப்பொழுது ஆயிற்று. வடிவாம்பாளின் மார்பு கட்டிக்கொண்டு தெறித்தது. ரேணுகாம்பாள் ஒரு கிண்ணத்தோடு வந்து, மஞ்சளாய்த் திரண்டு வரும் இந்தப் பால் கெட்டது, குழந்தைக்கு ஆகாது என்று கூறி, அதனைப் பீய்ச்சி எடுத்துக் கொல்லைப்புறத்துச் சேற்றில் கொட்டினாள். சேறு அதனைக் குடித்தது. சென்ற திங்களில் அடுத்த வீட்டுப் பசு கன்றீன்றபோது, அதன் சீம்பாலை வாங்கி வெல்லமிட்டுக் காய்ச்சி, உடம்புக்கு நல்லது என்று விரலை நக்கி உண்டவளும் இதே ரேணுகாம்பாள்தான். தென்னேரியில் தன் தந்தை, கன்று தரையில் விழுந்த உடனே, அது தள்ளாடி எழுவதற்குள் மடியில் கொண்டுபோய் வாயை வைப்பதை வடிவாம்பாள் எத்தனையோ முறை கண்டிருக்கிறாள். முதற்பால் குடியாத கன்று தேறாது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். இவையெல்லாம் அவள் நெஞ்சில் இப்போது ஒன்றோடொன்று வந்து பொருந்த, வலியினால் அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்தினாள். சினம் வந்தபின் அழ நேரமேது?

பொழுது சாயும் வேளையில் குழந்தையின் அழுகுரல் மெலிந்து, முனகலாகி, பின் நின்றது. கூடத்திலிருந்து ரேணுகாம்பாளின் குரல் பெருமிதத்தோடு எழுந்தது.

"என்னா சமத்துப் புள்ள பாரு. பசிச்சாலும் அழாம தூங்கிக்கினு கீறான்."

அந்தச் சொல் வடிவாம்பாளின் செவியில் நெருப்பாய் விழுந்தது. தலைமகனையும் இப்படித்தான், இதே சொல்லால்தான் புகழ்ந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் தள்ளித் திறந்து, தறிக்குழியில் அமர்ந்திருந்த கணவனைக் கடந்து, முறத்திலிருந்த குழந்தையை வாரி எடுத்தாள். அதன் கையும் காலும் குளிர்ந்திருந்தன. உதடு வறண்டு வெளுத்திருந்தது. தடுக்க வந்த நாத்தனாரின் கையைத் தட்டிவிட்டுத் தரையில் அமர்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குழந்தையை மார்போடு அணைத்தாள். குமாரவேல் தறிக்குழியிலிருந்து எழுந்து, இன்னும் சற்று நேரம்தான், அதற்குள் குடியைக் கெடுக்காதே என்று உறுமினான். அவள் தலைநிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"கன்னுக்குட்டிக்குக் கூடப் பொறந்த ஒடனே தாய்ப்பால் கெடைக்குது. உங்க வூட்ல பொறந்த பாவத்துக்கு என் புள்ளைங்களுக்கு மட்டும் அது கெடையாதா?"

குழந்தை முதலில் சுவைக்கவில்லை. அதன் உள்ளங்காலைத் தேய்த்தாள், கன்னத்தை வருடினாள், திரண்ட துளியை அதன் உதட்டில் பிழிந்தாள். துளி வழிந்தது. மீண்டும் பிழிந்தாள். வழிந்தது. இந்தப் பிள்ளையும் போகுமானால் இந்த வீட்டில் இனி ஒரு விளக்கும் ஏற்ற மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பிழிந்துகொண்டே இருக்க, நெடுநேரம் கழித்து, அச்சிறுவாய் ஒருமுறை அசைந்தது, பின்னும் ஒருமுறை அசைந்தது, பற்றியது, விழுங்கியது.

விளக்கு வைக்கும் நேரத்தில் குப்புசாமி வந்தார். ஆற்றைப் படகில் கடந்து, முழங்கால் வரை சேறு படிய, செய்தி கேட்டு நேரே வந்திருந்தார். குமாரவேல் ஓடிச்சென்று அவர் காலில் விழாக் குறையாக நின்று, பிழை நேர்ந்துவிட்டது, நீங்கள் வருவதற்குள் இவள் பால் கொடுத்துவிட்டாள் என்று முறையிட்டான். காலையிலிருந்து காத்ததையும், சென்ற ஆண்டு காத்ததையும், இரண்டையும் தன் பொறுமைக்குச் சான்றாக அவனே எடுத்துச் சொன்னான். கேட்கக் கேட்கக் குப்புசாமியின் முகம் மாறிற்று. வாயிற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாப்பா சொல்ற? நான் வர்ற வரிக்கும் புள்ளைக்குப் பால் குடுக்காதன்னு எவன் சொன்னான் உனுக்கு? எங்க வூட்ல எல்லாப் புள்ளையும் வயிறு ரொம்பக் குடிச்ச பொறவுதான் நான் தொட்டு வச்சிக்கீறேன்."

சென்ற ஆண்டு அக்குழந்தை ஒரு நாள் முழுவதும் வெறும்வயிற்றோடு கிடந்தது தமக்குத் தெரியாது என்றும், தெரிந்திருந்தால் நாவில் தொட்டு வைப்பதற்கு முன் தாயிடம் கொடுத்திருப்பேன் என்றும் அவர் கூறினார். எவரும் கேளாத ஒன்றுக்காக, எவரும் விதிக்காத நோன்புக்காக, ஓர் உயிர் பட்டினி கிடந்து மாய்ந்திருக்கிறது! அன்பரே, கொடியவன் ஒருவன் கொன்றிருந்தால் அவனை வைதாவது நெஞ்சு ஆறும். பிள்ளைக்கு நல்லது தேடியவனே கொன்றான் என்றால் அச்சினத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

தொட்டு வைக்கட்டுமா என்று குப்புசாமி தயங்கித் தயங்கிக் கேட்டார். உங்கள் விருப்பம் மாமா, என் பிள்ளை குடித்துவிட்டான் என்றாள் வடிவாம்பாள். அவர் தொடவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு மழையில் இறங்கி நடந்தார். அவர் சென்றபின் அவள் கணவனை அருகே அழைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மொதப் புள்ளையக் கடவுள் எடுத்துக்கிட்டாருன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க. பசியில செத்தான்னு சொல்லுங்க. சொல்ல முடியலன்னா, நான் இந்தப் புள்ளையத் தூக்கிக்கினு தென்னேரிக்குப் போறேன்."

அவன் இரவெல்லாம் தறிக்குழியின் விளிம்பில் அமர்ந்திருந்தான்.

காலையில் அண்டை வீட்டார் குழந்தையைக் காண வந்தனர். அடுத்த தறிக்காரன் அர்ஜுனன், வழக்கமான கேலியோடு, இவனுக்காவது நல்ல கை தொட்டதா, அல்லது அப்பனைப்போல் கோணல் கரைதானா என்று கேட்டான். கூடியிருந்தோர் சிரித்தனர். குமாரவேல் சிரிக்கவில்லை. உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. அவன் அர்ஜுனன் பக்கம் திரும்பினான்.

"எங்க மொதப் புள்ள பசியில செத்தான்பா. நான்தான் பால் குடுக்க வுடல."

சிரிப்பு அறுந்தது. அது வீண் பேச்சு என்று மறுக்கவோ, அது விதி என்று தேற்றவோ ஒருவரும் முன்வரவில்லை. கூட்டத்தில் நின்ற பெண்களுள் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறினாள். இன்னொருத்தி அவள் பின்னே போனாள். அர்ஜுனன் சுவரைப் பற்றிக்கொண்டு மெல்லக் கீழே அமர்ந்தான். சேனைக்காகக் காத்திருந்து, அழாத சமத்துப் பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த வீடு அத்தெருவில் குமாரவேல் வீடு ஒன்று மட்டுமன்று. அதனை அன்றுதான் ஒவ்வொருவரும் தம் நெஞ்சுக்குள் எண்ணிப் பார்த்தார்கள். பிள்ளையோ எவரையும் பொருட்படுத்தாமல் மீண்டும் பசித்து, வீடு அதிர வீறிட்டு அழுதது. வடிவாம்பாள் எடுத்து அணைத்துப் பாலூட்டினாள். அவள் சினம் அன்று தணியவில்லை. அதன் பின்னரும் நெடுங்காலம் தணியவில்லை. தணியச் சொல்லி அவளைக் கேட்கும் உரிமை அத்தெருவுக்கும் இல்லை, நமக்கும் இல்லை.