சாமிக்கு முந்திய பானகம்

இலங்கையில், எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே தபால் பை சுமந்தவர் மூக்கையா. காலையில் இறங்கிப் போய் டவுன் தபால் கந்தோரில் பையை வாங்கிக்கொண்டு, துரை பங்களாவுக்கு ஏறி வருவார். போக மூன்று மைல், வர மூன்று மைல். வருகிற மூன்றும் ஏற்றம்.

நாற்பது வயதில் அவருக்குச் சக்கரை வியாதி கண்டது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். தின்றதெல்லாம் எங்கே போனதோ, ஆள் விறகாகிப் போனார். சில வருஷங்களுக்கு முந்தி என்றால் அவர் கதை அத்தோடு முடிந்திருக்கும், கண்ணுகளா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷமாக இருந்ததால், இன்சுலின் ஊசி வந்திருந்தது. தபால்காரனை இழக்க மனமில்லாத துரை அந்த மருந்தைக் கொழும்பிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். தினமும் காலையில், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா ஊசி போடுவார்.

போட்ட முதல் நாளே அவர் ஒன்றைச் சொல்லிவிட்டார். இந்த ஊசி ரத்தத்தில் இருக்கிற சக்கரையை இறக்கும், நடையும் இறக்கும், வயிறு காலியாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஆளையே இறக்கிவிடும். அதனால் சாப்பிடாமல் மலை ஏறக்கூடாது, ஏற்றம் தொடங்கும் முன்னால் ஒரு வாய், பாதி வழியில் ஒரு வாய் இனிப்பு போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்.

மூக்கையாவுக்கு இது முதலில் பிடிபடவில்லை. ஒரு நாள் பை கனமாக இருந்த அவசரத்தில் சும்மா ஏறினார். பாதி வழியில் உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்தது, முழங்கால் தந்தி அடித்தது, கண்ணுக்கு முன்னால் ரப்பர் மரங்கள் இரண்டிரண்டாக நின்றன. மடியில் இருந்த கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் உலகம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவர் தவறவில்லை. அவர் கருப்பட்டி தின்பதைப் பார்த்துக் கங்காணி கேலி பண்ணுவார்: “சக்கரை வியாதிக்குச் சக்கரைதான் மருந்துன்னா, எனக்கு ஒரு போத்தல் சாராயம் எழுதிக் குடுக்கச் சொல்லுப்பா.”

இத்தனையும் தெரிந்த மனிதர்தான் அந்தத் தப்பைச் செய்தார்.

நோயில் கிடந்தபோது, பிழைத்தால் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தார். காவடிக்காரர் சந்நிதியில் காவடியை இறக்கும்வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். டிஸ்பென்சர் ஐயாவிடம் கேட்டால் வேண்டாம் என்பார். பூசாரியிடம் கேட்டால் கட்டாயம் என்பார். மூக்கையா இரண்டு பேரிடமும் கேட்கவில்லை. டிஸ்பென்சர் ஐயா சொல்லையும் மீறக்கூடாது, சாமி சொல்லையும் மீறக்கூடாது என்று நினைத்து, காலையில் போய் ஊசியைப் போட்டுக்கொண்டார். சாப்பிட்டாயா என்ற கேள்விக்குத் தலையை ஆட்டினார். வெறும் வயிற்றோடு ஆற்றங்கரையில் காவடியைத் தூக்கினார். விரதத்துக்கு அடையாளமாக மடிக் கருப்பட்டியையும் வீட்டில் வைத்துவிட்டார். அவர் ஊசி போட்டுக்கொண்டது மனைவி அழகம்மாவுக்குத் தெரியாது. இன்றைக்கு ஒரு நாள் ஊசியை விடுகிறார் என்றே அவள் எண்ணியிருந்தாள்.

ஆற்றிலிருந்து கோயிலுக்கு ஒரு மைல் செங்குத்து. தப்பு முழங்க, அரோகரா என்று கூட்டம் கூவ, காவடி ஆடி ஆடி ஏறியது. கோயில் வாசலுக்கு வந்தபோது மூக்கையாவின் ஆட்டம் மாறிவிட்டது. கைகால் உதறியது. வேட்டி நனைந்து ஒட்டும் அளவுக்கு வியர்வை. கண் எங்கேயோ பார்த்தது. வாய் குழறியது.

சாமி வந்துவிட்டது என்றார்கள். தப்புக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். இரண்டு பேர் காவடியை வாங்கி இறக்கினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். குறி கேட்க நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களில் முதலில் வந்து காலைப் பிடித்தவள் சின்னம்மா. அவள் புருஷன் பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலைக்கென்று போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு தகவலும் இல்லை.

“சாமி, எங்க வீட்டுக்காரரு வருவாரா?”

மூக்கையா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, “பை... பையில இருக்கு” என்றார்.

சின்னம்மா அப்படியே விழுந்து அழுதாள். கடுதாசி வருகிறது என்று சாமியே சொல்லிவிட்டதே!

அழகம்மா பின்னால் நின்று பார்த்தாள். சாமி வந்து எத்தனையோ பேர் ஆடி அவள் கண்டிருக்கிறாள். அவர்கள் உடம்பு தீயாய்க் கொதிக்கும். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் புருஷன் கையைத் தொட்டாள். ஆற்றுக்கல்லைப் போலச் சில்லென்று இருந்தது. அவர் அவளைப் பார்த்து, நீ யார் என்று கேட்டார். அப்போது அவளுக்குப் புரிந்தது, ஊசி போட்டிருக்கிறார் என்று.

இனிப்பு வேண்டும், இந்த நிமிஷம் வேண்டும். லயத்து வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்ப நேரமில்லை. கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். முருகனுக்குப் படைக்கக் கரைத்து வைத்திருந்த பானகம், மஞ்சள் துணி கட்டிய குடத்தில், சந்நிதிக்கு முன்னால். இன்னும் படைக்கவில்லை. படைக்குமுன் அதை ஒரு குழந்தை தொட்டாலும் அந்த ஊரில் அபராதம்.

அவள் துணியை அவிழ்த்தாள். செம்பை உள்ளே விட்டு மொண்டாள்.

தப்புச் சத்தம் நின்றுபோனது. பூசாரி ஓடிவந்து குறுக்கே நின்றார்.

“ஏ புள்ள, சாமிக்குப் படைக்காத பானகம். எச்சிலாக்கப் போறியா?”

அழகம்மா செம்பைக் கீழே வைக்கவில்லை. 

“இவருக்குள்ளாற சாமி வந்திருக்குன்னு நீங்கதானே சொல்றீங்க, பூசாரி ஐயா? சாமிக்குத்தான் படைக்கிறேன். வழி விடுங்க.”

பூசாரிக்கு விலகுவதைத் தவிர வேறு வழி இல்லை. அவள் புருஷனைத் தரையில் உட்காரவைத்து, தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு மிடறு விழுங்கியதும் அடுத்த மிடறு என்று நிதானமாகக் கொடுத்தாள். ஒரு செம்பு தீர்ந்தது. இரண்டாவது செம்பில் பாதி போனபோது நடுக்கம் அடங்கியது. “ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?” என்று மூக்கையா கேட்டார். சாமி மலை ஏறிவிட்டது என்றார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம்தான். அழகம்மா மட்டும் அத்தோடு விடவில்லை. அவள் புருஷனிடம் சொன்னது இதுதான்: இன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். நாளைக்கு நீங்கள் பையோடு ஏற்றத்தில் தனியாக ஆடினால், பார்க்கிறவர்கள் ஓடி வரமாட்டார்கள். கைகூப்பிக்கொண்டு குறி கேட்பார்கள். அவர்கள் கேட்டு முடிக்கும்போது நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

 மூக்கையாவுக்கும் ஆசைதான். நோய் வந்த உடம்பைச் சாமி ஒரு தரம் தேடி வந்தது என்று நம்ப யாருக்குத்தான் ஆசை இருக்காது? வந்ததோ இல்லையோ, அதை நானும் அறியேன். ஆனால் சின்னம்மா மறுநாளிலிருந்து தினமும் அவர் ஏறி வரும் பாதை வளைவில் வந்து நின்று, பையைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று நாள் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனவர், நான்காம் நாள் பையை இறக்கி வைத்தார்.

“தங்கச்சி, அன்னைக்குப் பேசினது சாமி இல்லம்மா. என் சீக்கு. தபால் பை நெனப்புல ஒளறியிருக்கேன்.”

“அப்ப கடுதாசி?”

“தெரியாது தங்கச்சி. வந்தா மொத ஆளா உன்கிட்டதான் கொண்டாந்து குடுப்பேன். வரும்னு சொல்ல எனக்கு வாக்கு இல்ல.”

 சொல்லாமச் சும்மா இருந்திருக்கலாமேண்ணே என்றாள் அவள். இருந்திருக்கலாம்தான் என்று அவரும் ஒத்துக்கொண்டார். பிறகு, இந்த வளைவு தினமும் நீ என்னைக் காண்கிற இடம், இங்கே நான் விழுந்தால் பார்க்கப்போவது நீதான், அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன் என்றார்.

சின்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கோபம் போகவில்லை, அது குரலிலேயே இருந்தது.

“ஆடினா எம்புட்டு இனிப்பு குடுக்கணும்?”

“ஒரு கொட்டைப்பாக்கு அளவு கருப்பட்டி. தெளியலேன்னா இன்னொண்ணு. நெனவு தப்பிக் கெடந்தா மட்டும் வாயில ஒண்ணும் ஊத்தாத, டிஸ்பென்சர் ஐயாவக் கூப்பிட ஓடு.”

அவள் அதை ஒரு தரம் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, “இப்ப நல்லாத்தான் இருக்கீங்க, போங்க” என்றாள்.