கடைசியாக நுழைபவர்களுக்கே டாலர் குறி

எங்கள் குடும்பம் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில், அதாவது இணையப் பக்கங்களை அசைய வைக்கும் ஒரு நிரல் தொகுப்பில், ஓடுகிறது; முகிலன் குடும்பம் வேறொன்றில். ஓர் அறைக்குள் வந்தால் நாங்கள் மெல்ல மெல்லத் தெரிவோம். அவர்கள் இடப்பக்கச் சுவரிலிருந்து சறுக்கி வந்து நிற்பார்கள். பெண் பார்க்க வந்த அன்று, நான் தெரிவதற்குள் காபித் தட்டு முதலில் தெரிந்துவிட்டது. என் முகம் வரும்வரை முகிலன் தட்டைத் தாங்கிப் பிடித்திருந்தார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

பொருத்தம் பார்த்த வைத்திலிங்கம் ஒரே ஒரு சிக்கல் என்றார். இரண்டு லைப்ரரியிலும் ஆட்களைக் கூப்பிட ஒரே டாலர் குறிதான். ஒரே மண்டபத்துக்குள் இரண்டும் வந்தால், கடைசியாக நுழைந்ததற்கே குறி சொந்தம். முந்தி வந்தவர்கள் அதன்பிறகு யாரையும் கூப்பிட முடியாது.

"அப்போ நாம முந்திப் போகக் கூடாதுடி," என்றாள் அம்மா.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஒன்பதே காலுக்கு எங்கள் வேன் மண்டபத் தெருவின் கிழக்கு முனையில் நின்றது, அவர்களுடையது மேற்கு முனையில். யாரும் இறங்கவில்லை. பத்து மணிக்கு மண்டப மேனேஜர் வந்து, இட்லி ஆறுகிறது என்று இரண்டு வேனிலும் சொல்லிவிட்டுப் போனார். முகூர்த்தம் போனால் முகிலனும் போய்விடுவார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"குறியை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. நான் இறங்குறேன்."

"நீ முந்திப் போனா நம்ம வீட்டுல யாரும் யாரையும் கூப்பிட முடியாதுடி."

"இவ்ளோ நாள் கூப்பிட்டது போதாதாக்கும்."

நான் மணமேடையில் முழுதாகத் தெரிந்தபோது, முகிலன் தனியாகச் சறுக்கி வந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் கடைசி. குறி உங்களுக்குத்தான்," என்றார்.

"வெச்சு என்ன பண்றது? கூப்பிட வேண்டிய ஆள் பக்கத்துலயே இருக்கீங்க."

பத்து இருபத்தெட்டுக்கு ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மேனேஜரும் சமையல்காரர்களும் அட்சதை போட்டார்கள். இட்லி மிச்சமானது.

நாலு வருஷம் ஆகிறது. வேன்கள் அங்கேயேதான் நிற்கின்றன. தீபாவளிக்கு இரண்டு பக்கமும் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அம்மா ஜன்னலைத் திறந்து, "அவங்க இறங்கிட்டாங்களா?" என்று கேட்பாள். இல்லை என்றதும் முறுக்கை வாங்கிக்கொள்வாள்.

வேனில் இருக்கும் தம்பிக்கும் வரன் அமைந்துவிட்டது. பெண் வீட்டார் ஒரு பஸ்ஸில் இருக்கிறார்கள், நல்ல குடும்பம். போன வெள்ளிக்கிழமை பஸ் வந்து எங்கள் வேனுக்குப் பின்னால் நின்றது. அம்மா டிரைவரை எழுப்பி, வேனை அதற்கும் பின்னால் எடுக்கச் சொல்லியிருக்கிறாள்.