பட்டியலில் கடைசிப் பெயர்

ஆம்பூரில் கோயில்காரர்களின் கன்வென்ஷன் கூட்டம் நடந்தால் மூன்று நாளைக்கு ஊர் முழுக்க நல்லவர்களாகவே இருப்பார்கள். நாலாம் நாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எண்பத்துநாலில் வந்த பிரசங்கியார் மட்டும் அப்படிச் சும்மா விடுகிற ஆளாக இல்லை. யார் யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவர்கள் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள், நேரில் போய் ஒப்புரவாகுங்கள், ஞாயிற்றுக்கிழமை மேடையேறிச் சாட்சி சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், சனிக்கிழமை தெருவெங்கும் பைபிளும் கையுமாக ஆட்கள் அலைந்தார்கள். எப்போதோ முருங்கைக்காய் பறித்ததற்காக, பொன்மலரின் எதிர்வீட்டு டோரதி டீச்சரிடம் ஒருத்தி வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போனாள்.

பொன்மலருக்கு அதைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்தோலைத் தைத்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் ஜார்ஜ் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார்.

"சிஸ்டர், கொஞ்சம் பேசணும்."

அவள் புருஷன் சாந்தகுமார் வேலை செய்த, தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரி அவர். அந்தக் காலத்தில் 'இன்னாம்மா' என்று கூப்பிட்டவர், இப்போது சிஸ்டர் என்கிறார். ஆளும் பாதியாகிவிட்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டாள், அவர் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். பெயர்களையெல்லாம் கோடு போட்டு அடித்திருந்தார். அடிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று: 'சாந்தகுமார் சம்சாரம்.'

"எழுபத்தஞ்சுல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

எழுபத்தைந்தை அவளுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. சாந்தகுமார் ஒரு காலத்தில் மொடாக்குடியன்தான். ஆனால் அந்த வருஷம் ஈஸ்டர் அன்று வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். ஆறு மாசம் ஒரு சொட்டுக் கிடையாது. எட்டு வயசுக் கிரேஸியைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தான். பொன்மலர் மெல்ல மெல்லப் பயம் தெளிந்து சிரிக்க ஆரம்பித்த சமயம் பார்த்து, போதையில் டேனரிக் கழிவுத் தொட்டியில் விழுந்து செத்துப்போனான் என்று ஆள் வந்து சொன்னான்.

அவள் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடி, அவன் மார்பில் முகத்தைப் புதைத்தாள். சட்டையிலிருந்து சாராய வாடை குப்பென்று அடித்தது. சட்டென்று எழுந்து தள்ளி நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவனுக்காக அவள் கண் கலங்கியது கிடையாது. குழிமேட்டில் ஒரு சிலுவைகூட நடவிடவில்லை. வருஷாவருஷம் கல்லறைத் திருநாளில் தன் அம்மாவின் கல்லறைக்குப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அவனைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டி நடப்பாள். கடவுளையே ஏமாற்றினவனுக்கு மெழுகுவர்த்தி எதற்கு என்று கேட்பாள்.

"அவன் குடிக்கல சிஸ்டர்," என்றார் ஜார்ஜ்.

பொன்மலர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"தொட்டி அடைச்சிக்கிச்சு. எறங்குடான்னேன். உள்ள காத்து சரியில்ல மேஸ்திரி, நாளைக்கு எறங்கறேன்னான். நான்தான் கண்டபடி திட்டி எறக்கி வுட்டேன். எறங்குன ஒடனே அப்டியே சாஞ்சிட்டான். மேல தூக்கும்போது உசுரு இல்ல. கேஸாயிடும், டேனரியை மூடிடுவாங்கன்னு மேனேஜர் பயந்துட்டாரு. பாட்டில் அவர் குடுத்தது. வாயிலயும் சட்டையிலயும் ஊத்தனது நானு."

கோபம் வரும் என்று அவளே காத்திருந்தாள். வரவில்லை. ஒன்பது வருஷமாக அவனைத் திட்டியதெல்லாம் வரிசையாக வந்தது. காற்று சரியில்லை என்று கெஞ்சிய மனுஷனை, சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டுச் செத்த மனுஷனை, அவள் நாய் மாதிரி நடத்தியிருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஜார்ஜ் முழங்காலில் விழுந்தார்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சிஸ்டர். நீங்க சொல்லலைன்னா நாளைக்கு நான் மேடை ஏற முடியாது."

மேடைதான் அவருக்கு அவசரம். விளக்குமாற்றை எடுத்துச் சாத்தலாம், தெருவில் ஒருவரும் தப்பு சொல்லமாட்டார்கள். ஆனால் சிலுவையில் தொங்கிக்கொண்டே மன்னித்தவரைத்தான் அவள் விவரம் தெரிந்த நாளிலிருந்து கும்பிட்டு வந்திருக்கிறாள். எதிரே ஒரு கிழவர் மூக்கு ஒழுக அழுதுகொண்டிருக்கிறார். முடியாது என்று சொல்ல அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

"எந்திரிங்க மேஸ்திரி. மன்னிச்சிட்டேன்." வாய் சொன்னதா மனசு சொன்னதா என்று அவளுக்கே தெரியவில்லை. "நாளைக்கு மேடையில, சாந்தகுமார் குடிக்கலன்னு பேரைச் சொல்லிச் சொல்லுங்க. அது போதும்."

ஜார்ஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மேனேஜர் இன்னும் அங்கதான் இருக்காரு சிஸ்டர். என் மவனும் அங்கதான் வேலை செய்றான். பேரு ஊரு இல்லாம, பெரிய பாவம் ஒண்ணு செஞ்சேன்னு..."

சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று அவளுக்கு ஒரு கணம் வெறி வந்தது. வாங்கவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான், அவர் லட்சணத்தைப் பார்த்துத் திருப்பி வாங்குவதென்றால் அது மன்னிப்பே இல்லை என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் கடைசிப் பெயரையும் அடித்துவிட்டு, வந்ததைவிட வேகமாகத் தெருவில் இறங்கிப் போனார். அவர் பாரம் இறங்கியதில் சந்தேகமில்லை. அது எங்கே இறங்கியது என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

டைப்ரைட்டிங் கிளாஸ் முடிந்து கிரேஸி வந்தபோது அம்மா தரையில் அதே இடத்தில் இருந்தாள். பதினேழு வயசு மகளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள் பொன்மலர். ஜார்ஜ் செய்ததைச் சொல்லி முடித்து, தான் செய்ததற்கு வந்தாள்.

"பெட்டியை மூடறதுக்கு முன்னாடி அப்பாவுக்கு முத்தம் குடுக்கணும்னு நீ அழுத. குடிகாரனுக்கு முத்தம் வேறயான்னு உன்னை இழுத்துக்கினு வந்துட்டேன். அப்புறம் அப்பான்னு நீ வாயைத் தொறந்தாலே அடிச்சேன். அவரு கிட்ட கேக்க எனக்கு வழியில்ல. உன்கிட்டதான் கேக்க முடியும். என்னை மன்னிச்சிடுடி."

கிரேஸி தோளில் மாட்டியிருந்த பையைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த ஆளை மன்னிச்சிட்டியா?"

"மன்னிச்சிட்டேன்."

"எவ்ளோ நேரத்துல?"

பொன்மலர் தலையைக் குனிந்துகொண்டாள். "அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"எனக்கு அவ்ளோ சீக்கிரம் வராதும்மா."

கிரேஸி அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து 'அப்பா, அப்பா' என்று அழுகைச் சத்தம் வந்தது. பதினேழு வயசுப் பெண் அழுகிற மாதிரி இல்லை, எட்டு வயசுக் குழந்தை அழுகிற மாதிரி இருந்தது. பொன்மலர் எழுந்து கதவருகே போய் நின்றாள். வா என்று மகள் கூப்பிடவில்லை.