அறுபது லட்சத்தின் உயரம்

வீட்டின் வெளிச்சுவருக்குப் புதுப் பலகை அடிக்க முந்நூற்றெண்பதாயிரம் குரோணர் முடியும் என்று தச்சர் சொல்லக் கேட்ட யோகராசா, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு யூன் மாதம், ட்வெய்ட்டாவில் தன் வீட்டு வாசலில் நின்ற நிலையிலேயே நிலத்தைவிட்டு எழும்பினார். குரோணராகக் கேட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. நோர்வேக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் எந்த விலையையும் இலங்கை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் அவரை விடவில்லை. பதினாறால் பெருக்கி அறுபது லட்சத்தைத் தொட்டபோதுதான் சப்பாத்து நிலத்தை விட்டது. மேல்மாடி ஜன்னலுக்கு நேரே போய் நின்றார். வரி இதற்குள் சேரவில்லை என்று தச்சர் நாணயமாகச் சொல்ல, இன்னும் ஒரு முழம் உயர்ந்தார்.

"இறங்கி வாங்கோப்பா, சனம் பாக்குது," என்றார் மனைவி அருள்ராணி.

"நான் என்ன ஆசைக்கே நிக்கிறன்?"

கழற்றும் கூலியாவது மிஞ்சட்டும் என்று, உக்கிய பழைய பலகைகளை நாலு பக்கமும் தானே கழற்றி எறிந்துவிட்டுத்தான் அவர் விலை கேட்க ஆள் கூப்பிட்டிருந்தார். "உரிச்ச கோழி மாதிரி நிக்குது வீடு. இனி எந்த முகத்தோடை பேரம் பேசுறது?" என்று அருள்ராணி கேட்டதில் பிழையில்லை. வங்கி இனிக் கடன் இல்லை என்றுவிட்டது. பனி விழுமுன் சுவரை மூடாவிட்டால் உள்ளே இருக்கும் மரச்சட்டங்களும் உக்கிப்போகும். பிறகு கேட்ட விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு வாடகைக்குப் போகவேண்டியதுதான்.

கீழ் அறையில் வாடகைக்கு இருந்த ரகு, சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவன், சத்தம் கேட்டு வெளியே வந்தான். "எங்க ரூபாயில பாருங்க அங்கிள், இருபத்தாறு லட்சம்தான் வருது," என்று அவன் ஆறுதல் சொல்ல, யோகராசா பாதி உயரத்துக்கு இறங்கினார். அதைக் கண்டதும் அருள்ராணிக்கு மூளை வேலை செய்தது. தச்சர் சொன்ன தொகையில் அரைவாசிக்கு மேல் பலகைக்கல்ல. கூலிக்கும், ஏறி நிற்க இரும்புக் குழாய்களால் கட்டும் ஸ்டில்லாஸின் வாடகைக்கும். அந்தரத்தில் நிற்கிற மனிசனுக்கு ஸ்டில்லாஸ் எதற்கு? சீட்டுக் காசை எடுத்துப் பலகை வாங்கினார்கள்.

"சும்மாதானே நிக்கிறியள், இந்தாங்கோ," என்று அருள்ராணி சுத்தியலை மேலே எறிந்தார்.

அந்தக் கோடை இப்படிப் போனது. காலையில் யோகராசா வழக்கம்போல பஸ் ஓட்டினார். சீற் பெல்ற் இருந்ததால் அதற்கு இடைஞ்சல் இருக்கவில்லை. பின்னேரம் உடுப்புக் காயப்போடும் கயிற்றை அவர் இடுப்பில் கட்டி, மறு நுனியை அருள்ராணி தன் கையில் சுற்றிக்கொண்டார். கீழ்ப் பலகைக்கு, "முருங்கைக்காய் கிலோ ஆயிரத்து முந்நூறு!" என்று கத்துவார். மேல்மாடிக்கு, "பல்லு ஒண்டு அடைக்கப் பதினாறாயிரம்!" சாப்பாட்டு நேரத்தில் ரகு இந்தியக் கணக்குச் சொல்லி இறக்குவான். ஆனால் செப்ரெம்பரில் பல்லும் பலிக்கவில்லை, பார்க்கிங் தண்டமும் பலிக்கவில்லை. எந்த விலையும் அவருக்குப் பழகிவிட்டது. முகட்டுக்குக் கீழே சுவரின் முக்கோணம் மட்டும் பலகையில்லாமல் திறந்து கிடந்தது. மழை அதற்குள்ளால் இறங்கினால் அடித்த பலகை அத்தனையும் வீண். புல்லில் முதல் உறைபனி தெரிந்தது.

"செத்தால் இஞ்சை எவ்வளவு முடியுமெண்டு விசாரிச்சுச் சொல்லட்டே?" என்று கேட்டார் அருள்ராணி, அழாக்குறையாக.

"அதை முந்தியே பெருக்கிப் பாத்திட்டன்," என்றார் யோகராசா, முழங்கால் உயரத்தில் நின்று.

அப்போதுதான் பக்கத்து வீட்டு யோர்டிஸ் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். ஒன்பது வருடத்தில் அந்தக் கிழவி வாய் திறந்தது இரண்டு தரம். இரண்டும் மிளகாய் பொரித்த மணத்துக்காக. இப்போது கைக்கொன்றாக இரண்டு வாளி வெள்ளைப் பெயின்ற் கொண்டுவந்து வைத்தாள். விலை என்ன என்று அருள்ராணி பயந்து பயந்து நோர்வேஜிய மொழியில் கேட்க, ஒன்றுமில்லை, வீட்டில் சும்மா கிடந்தது என்றாள். வேலை முடிந்தால் கோப்பி குடிக்க வரச் சொன்னாள்.

யோகராசா பதினாறால் பெருக்கிப் பார்த்தார். திரும்பவும் பெருக்கினார். "சும்மாவோ?" என்ற குரல் முகட்டுக்கு மேலிருந்து கேட்டது. கயிறு இறுகி அருள்ராணியின் கால்களும் கிளம்ப, ரகு ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தான். முக்கோணம் அன்றே மூடப்பட்டது, வெள்ளையும் அடித்தாயிற்று. அடுத்த கிழமை பனி விழுந்தது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு யோகராசா முழுதாக நிலத்துக்கு வரவில்லை. ஒரு சாண் உயரத்தில்தான் நடமாடுகிறார். சப்பாத்துச் செலவு இல்லை என்று அருள்ராணி சொல்வார். லில்லெஸ்ட்ரோமிலும் ஸ்ட்ரோம்மனிலும் யாராவது தமிழர் வீட்டுக்குப் பலகை மாற்றுவதென்றால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் கூலி வாங்குவதில்லை. காசு வேண்டாம் என்று சொன்ன கையோடு வீட்டுக்காரரும் கூடவே மேலே கிளம்பிவிடுவதால், பலகையின் மற்ற நுனியைப் பிடிக்க ஆள் தேட வேண்டியதுமில்லை.