கடைசியாக உள்ளே இருந்தவர்

லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் லிஃப்ட்காரர் முதலில் மெஷினைப் பார்க்க மாட்டார், ஆளைத்தான் பார்ப்பார். கருவிப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, சுற்றி நிற்கிற முகங்களை ஒரு நோட்டம் விட்டு, "கடைசியா உள்ள இருந்தது யாரு?" என்று கேட்பார். யாராவது ஒருத்தர் நெளிவார். கதவிடுக்கில் அட்டைப்பெட்டியைச் செருகி நிறுத்திவைத்த புண்ணியவான் அவராகத்தான் இருப்பார். இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு அத்தனை வருஷம் பிழைப்பை ஓட்டிவிட்டார் மனிதர். மெஷின்மேல் தப்பே இருக்காது, எல்லாம் ஆள் பண்ணுகிற வேலை என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவரும் அவர்தான், ஒரே தொண்டனும் அவர்தான். கட்சி எப்படிக் கலைந்தது என்பதையும் பிற்பாடு அவரேதான் போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எல்லாம் அவர் மனைவி கார் ஓட்ட ஆரம்பித்த வாரத்தில் தொடங்கியது.

அவள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த வேலைதான். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு மறுபடியும் கிடைத்தது, அதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் விடியும்போதே போய்க் கதவைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அதற்காகவே, இந்த வயதில், கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மூன்றாவது தடவையில் லைசென்ஸ் வாங்கினாள். முதல் இரண்டு தடவை நடந்ததை லிஃப்ட்காரர் சொந்தக்காரர்கள் ஒருத்தரையும் விடாமல் சொல்லி முடித்திருந்தார். மூன்றாவது தடவை நடந்ததைச் சொல்ல மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அவள் ஓட்டும்போது பக்கத்தில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததும் இல்லை. "எனக்குப் புள்ளைங்க இருக்கு" என்பார். அவளுக்கும் அதே பிள்ளைகள்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

காலையில் கார் அவளுக்கு, சாயங்காலம் அவருக்கு என்று ஏற்பாடு. பகலில் சின்னப் பையோடு ஸ்கூட்டரில் போய்விட்டு, சாயங்கால வேலைக்குக் காரின் டிக்கியில் இருக்கிற பெரிய பெட்டியிலிருந்து சாமான் எடுப்பார். குடியிருப்பின் அடித்தளத்தில், கார் நிறுத்துகிற இடம் ஒரே கும்மிருட்டு. அதனால் டிக்கிக்குள் ஒரு விளக்கு போட்டார். சாதாரண விளக்கா? ஒரு பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய எமர்ஜென்சி விளக்கு, கார் பேட்டரியிலேயே எரியும், வெளிச்சம் கண்ணைக் குத்தும். மூடினால் அணைய வேண்டுமே, அதற்கு லிஃப்ட் கதவில் இருக்கிற சின்ன சுவிட்சையே கொண்டுவந்து வைத்தார். டிக்கி மூடி இறங்கி அதை அமுக்கும், விளக்கு அணையும். விரலால் அமுக்கிப் பார்த்தார். அணைந்தது. டிக்கி மூடியும் தன் விரல் மாதிரியே நடந்துகொள்ளும் என்று நம்பிவிட்டார்.

நாலைந்து நாளில் கார் படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்றது, அவ்வளவுதான். பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று புதிதாகப் போட்டார். கடைக்காரர், "வண்டியில வெளி ஃபிட்டிங் ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"கம்பெனி போட்டதைத் தவிர ஒரு ஆணிகூட கிடையாது."

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வெளி ஃபிட்டிங் என்றால் மற்றவர்கள் மாட்டுவது. அவர் மாட்டியது வேலைப்பாடு.

அடுத்த வாரம் புது பேட்டரியும் காலை வாரியது. சீருடையும் சாப்பாட்டுப் பையுமாக அவள் அடித்தளத்தில் நின்று போன் பண்ணினாள். லிஃப்ட்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, காரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"கடைசியா உள்ள இருந்தது யாரு?"

"நான்தாங்க. நேத்து மத்தியானம் கொண்டுவந்து விட்டேன். சாயங்காலம் நீங்க எடுக்கலையே."

"எதை அணைக்காம இறங்குன?"

"எல்லாத்தையும் அணைச்சேனே..."

"எல்லாத்தையும் அணைச்சா பேட்டரியை என்ன பேயா குடிச்சுது?"

அவள் ஆட்டோ பிடிக்க ஓடினாள். ஓடிய ஓட்டத்தில் பையை வண்டி மேலேயே விட்டுவிட்டாள். 'பாரு, ஞாபகமறதி' என்று அதையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் அவர் நியாயஸ்தர். சோதித்துப் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல மாட்டார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து, எல்லாம் அணைத்திருக்கும்போது ஏதாவது கரண்டை இழுக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். மீட்டர் எங்கே இருக்கிறது? டிக்கிப் பெட்டியில். டிக்கியைத் திறந்தார், விளக்கு எரிந்தது. இது எரிந்தால் கணக்குத் தப்பிவிடுமே என்று விளக்கின் ஒயரைப் பொறுப்பாகக் கழற்றி வைத்தார். பிறகு முன்பக்கம் போய் அளந்தார். மீட்டரில் முள் அசையவே இல்லை. 'வண்டி சுத்தம்' என்று சொல்லிக்கொண்டு, மீட்டரைப் பெட்டியில் வைத்து, விளக்கின் ஒயரை மறுபடியும் அக்கறையாக மாட்டி, டிக்கியைச் சாத்திவிட்டு மேலே போனார்.

இதில் எங்கே கோளாறு என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியவில்லை. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவை கார் படுத்தபோதும் இதையேதான் ஒரு மந்திரம் மாதிரி செய்தார்.

வண்டி சுத்தமென்றால் குற்றவாளி யார்? ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார், லிஃப்டுக்குள் ஒட்டுவார்களே, அந்த மாதிரி: 'இறங்கும்போது விளக்கை அணைத்துவிட்டு இறங்கவும்.' அவள் அதைப் படித்தாள். அன்றிலிருந்து காரை நிறுத்திவிட்டு மேலே வந்தவள், செருப்பைக் கழற்றுவதற்குள் மறுபடியும் கீழே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சமைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு தடவை போவாள். வீட்டில் எல்லா ஸ்விட்சையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். லிஃப்ட்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. அடடா, ஒழுங்கு வந்துவிட்டதே!

கார் மட்டும் ஒழுங்குக்கு வரவில்லை. இன்னொரு காலையும் படுத்தது. பரிசோதனைக்கூடத்து மேலாளரம்மா கூப்பிட்டு, இன்னும் ஒரு நாள் தாமதமானால் காலை வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அதை வீட்டில் சொல்லும்போது அவள் அழவில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். லிஃப்ட்காரர் கழுவிய பாத்திரத்தை வாங்கித் துடைத்து அடுக்கினார். ஆனாலும் வாய் சும்மா இருந்ததா? "கவனமா இருந்தா ஏன் இந்தப் பாடு?" என்றது.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்கு விடுமுறை. காரை அவள் தொடவே இல்லை. அவர்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாவியைத் திருப்பினால், 'டிக் டிக்'.

லிஃப்ட்காரர் சாவியை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். அவருடைய கேள்வி அவர் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு மச்சினனுக்குப் போன் போட்டார்.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். எதையும் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது தொழில் பழக்கம். தன் காரைக் கொண்டுவந்து ஒயர் கொடுத்து இந்தக் காரைக் கிளப்பினான். அது நன்றாக உறுமிச் சார்ஜ் ஏறுகிறவரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு எஞ்சினை அணைத்து, பழக்கதோஷத்தில் கதவுகளைப் பூட்டி, சாவியை லிஃப்ட்காரர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டிக்கி மட்டும் திறந்தே கிடந்தது, மச்சினன் அதற்குள் எட்டிப் பார்த்தான்.

"மாமா, இந்த டிக்கி லைட்டு மூடுனா அணையுதா?"

"அது நான் போட்டதுடா."

"அதனாலதான் கேக்குறேன்."

"என்னடா நக்கலா? நான் மாட்டுன சுவிட்சை நம்பி மாடி மாடியா ஜனம் ஏறி இறங்குது!"

"சரி மாமா, கோவிச்சுக்காதீங்க. போனை உள்ள வெச்சு வீடியோ எடுத்துப் பாத்துடலாம்."

"போன் எதுக்கு? எனக்குக் கண்ணு இருக்கு. நான் உள்ள படுக்கிறேன், நீ மூடு. அணைஞ்சுதுன்னா உன் வாயை நீ மூடிக்கணும்."

பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, முழங்காலை முகவாய்க்கட்டையோடு சேர்த்து மடக்கிக்கொண்டு உள்ளே படுத்தார். தொப்பையைக் கடைசியாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மச்சினன் மூடினான்.

விளக்கு எரிந்தது.

சும்மா எரியவில்லை, கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தது. மூடிக்கும் சுவிட்சுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி. லிஃப்ட்காரர் அந்த விரலை நீட்டி சுவிட்சை அமுக்கினார், அணைந்தது. எடுத்தார், எரிந்தது. இத்தனை நாளும் இது இப்படியேதான், ராத்திரி பகலாக, யாருமில்லாத பெட்டிக்குள் எரிந்திருக்கிறது. அவளைத் திட்டிவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்ட நேரமெல்லாம்!

"மாமா, என்ன ஆச்சு?"

"திறடா முதல்ல."

"எப்படித் திறக்கிறது? சாவி எங்க?"

லிஃப்ட்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி பத்திரமாக இருந்தது.

"பதறாதீங்க மாமா. நிதானமா மூச்சு விடுங்க, இதோ வந்துட்டோம்," என்றான் மச்சினன். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் லிஃப்ட்காரர் சொல்கிற அதே வசனம். இவ்வளவு எரிச்சலூட்டுகிற வசனம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"மேல இன்னொரு சாவி இருக்கு. உங்கக்காகிட்ட வாங்கிட்டு வா. நான் உள்ள இருக்கேன்னு மூச்சு விட்டுடாதே!"

மச்சினன் போனில் சாவி வேண்டும் என்று மட்டும் சொன்னான். அவளே எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். செருப்புச் சத்தம் காருக்குப் பின்னால் வந்து நின்றது. லிஃப்ட்காரர் சட்டென்று விரலால் சுவிட்சை அமுக்கிக்கொண்டு இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் எங்கடா?"

"இங்கதான்... பக்கத்துல எங்கயோ."

"இந்தா சாவி. இது இனிமே எனக்கு வேணாம், அவர்கிட்டயே குடுத்துடு. சாயங்காலம் மேலாளரம்மாவுக்குப் போன் பண்ணி, நாளையிலேர்ந்து வரலைன்னு சொல்லப்போறேன்."

"என்னக்கா இது?"

"என்னால முடியலடா. எதை அணைக்காம விடுறேன்னு எனக்கே தெரியல. பத்து தடவை பாக்குறேன், அப்பவும் ஏதோ தப்பு பண்றேன். முந்தாநேத்து ஒருத்தருக்கு ரத்தம் எடுக்கும்போதுகூட, சரியாத்தான் எடுக்குறேனான்னு கை நடுங்கிடுச்சு. அவர் சொல்றது சரிதான் போல. எனக்கு இதெல்லாம் ஒத்துவராது."

டிக்கிக்குள் லிஃப்ட்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. அப்போதும் அந்தப் பாழாய்ப்போன மூளை கணக்குப் போடாமல் இல்லை. மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிந்ததைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். திறந்தால் எப்படியும் எரியத்தான் போகிறது, வித்தியாசம் யாருக்கும் தெரியாது. அவள் மேலே போகட்டும். வெளியே வந்து சுவிட்சைக் கமுக்கமாகச் சரி பண்ணிவிட்டு, 'ஏதோ ஒயர் லூஸு' என்று சொல்லிவிடலாம். மானம் மிஞ்சும். ஆனால் அவளுடைய கை நடுக்கம்? அது நிற்காது. இனி ஒவ்வொரு ஊசியிலும் அது இருக்கும், போட்டுவிட்டவர் அவராக இருப்பார்.

விரலை எடுத்தார். வெளிச்சம் முகத்தில் அறைந்தது. மூடியைத் தட்டினார்.

"ஐயோ! டிக்கில யாருடா?"

"நான்தாம்மா!"

வெளியே மச்சினன் களுக்கென்று சிரிப்பதும், அவனை அவள் அடக்குவதும் கேட்டது.

"உள்ள என்னங்க பண்றீங்க?"

"லைட்டு... நான் போட்ட லைட்டு. மூடுனாலும் எரியுது. அதுதான் பேட்டரியைத் தின்னுருக்கு. நீ ஒண்ணும் பண்ணல."

"சரியா கேக்கல."

"நீ ஒண்ணும் பண்ணல! ஆரம்பத்துலேர்ந்தே! எல்லாம் நான் பண்ணுன வேலை! போதுமா?"

அடித்தளம் முழுக்க எதிரொலித்தது. மேலே யாரோ ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது. எழுதிக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்காது. லிஃப்ட்காரர் டிக்கி திறக்கும் என்று முழங்காலைத் தயார் பண்ணிக்கொண்டார். தம்பியின் கையிலிருந்து அவள் சாவியைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது, ஆனால் திறந்தது முன்பக்கக் கதவு.

"அக்கா, மாமா உள்ள இருக்காரு!"

"தெரியுண்டா. சார்ஜ் ஏற ஒரு சுத்து ஓட்ட வேணாமா?"

எஞ்சின் கிளம்பியது. லிஃப்ட்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டார். கார் நகர்ந்ததே அவருக்குத் தெரியவில்லை, தலைக்குக் கீழே சக்கரம் உருளுகிற சத்தத்தில்தான் புரிந்தது. தூணைச் சுற்றித் திரும்பினாள், அவர் ஒரு பக்கமும் புரளவில்லை. சரிவில் ஏறினாள், பின்னால் ஒரு அங்குலம் வழுக்கவில்லை. வாசல் பக்கத்து வேகத்தடைக்கு மண்டையைக் கையால் பொத்திக்கொண்டு காத்திருந்தார், காத்திருந்தார், கார் மறுபடியும் சரிவில் இறங்கிவிட்டது. அதே வேகத்தடையில் தினமும் டமாரென்று ஏற்றி இறக்குகிறவர் அவர். கண்ணைத் திறந்து, தலைக்கு மேலே எரிகிற தன் வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

கார் நின்றது. டிக்கி திறந்தது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி ஓட்டுறேன்?"

"வேகத்தடை வந்ததே தெரியல," என்றார். "நாளைக்கு... நாளைக்கு வேலைக்குப் போம்மா. நான் வேணா பக்கத்துல உட்கார்ந்து வரேன்."

தம்பியிடமிருந்து பிடுங்கிய தன் சாவி அவள் கையிலேயே இருந்தது. குனிந்து லிஃப்ட்காரரின் சட்டைப்பையிலிருந்த சாவியையும் எடுத்துக்கொண்டாள். இரண்டையும் கையில் குலுக்கிக்கொண்டே மாடிப்படி வரைக்கும் போனவள், திரும்பிப் பார்த்தாள்.

"இறங்கும்போது விளக்கை அணைச்சுட்டு இறங்குங்க."